அந்த போல்ட்டைத் தேடி அலையுறது வீண் வேலை இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களை ரீஸ்டோர் பண்றவங்களப் பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, போட்டோவும் அருமை. ஆனா கடைசிப் பத்தியில, ஒருத்தர் ஒரே ஒரு போல்ட்டுக்காக மாசக்கணக்கா அலையுறாருன்னு சொல்லிட்டு, இதெல்லாம் வேலையத்தவங்க பண்ற வேலைன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். நானும் அப்படி அலையுற ஆள்தான், எதுக்கு அலையுறோம்னு நீங்க எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கிட்ட இருக்குறது எம்ஜி டிடிங்கிற சின்ன இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1950லருந்து 53 வரைக்கும் வந்த மாடல். அத பிரிச்ச முதல் வாரத்துலயே ஒரு தப்பு பண்ணேன். எஞ்சின் பிளாக்ல ஒரு சின்ன மூடியப் பிடிச்சிருந்த போல்ட் காணாமப் போச்சு. இங்கிலீஷ் கார்தானே, இஞ்ச் அளவுதான் இருக்கும்னு நெனச்சு, கையில இருந்த 5/16 யுஎன்எஃப் (இஞ்ச் அளவுல நெருக்கமான மரை) போல்ட்ட எடுத்து மாட்டுனேன். கையாலயே மூணு சுத்து அழகா போச்சு, அப்புறம் கொஞ்சம் டைட்டாச்சு, பழைய பெயின்ட் அடைச்சிருக்கும்னு ஸ்பேனர் போட்டு இறுக்குனேன். திடீர்னு லேசாயிருச்சு. வெளிய எடுத்துப் பாத்தா போல்ட்டோட மரைக்குள்ள பூராவும் வார்ப்பிரும்புத் தூள், கறுப்பா மாவு மாதிரி. எழுபது வருஷம் தாங்குன மரைய நான் அரை நிமிஷத்துல அழிச்சிட்டேன். அப்புறம் ஓட்டைய பெருசாக்கி உள்ள புது மரையா ஒரு கம்பிச்சுருள் எறக்கி ஒருவழியா சரி பண்ணியாச்சு, ஆனா அந்த பிளாக் பழைய பிளாக் இல்லைங்கிறது இன்னைக்கும் மனச உறுத்துது.

ஏன் அப்படி ஆச்சுன்னு தேடிப் பாத்தப்பதான் எனக்கு இந்த விஷயத்துல கண்ணே தெறந்துச்சு. என் எம்ஜியில இருக்குற எக்ஸ்பிஏஜிங்கிற எஞ்சின்ல இருக்குறது மில்லிமீட்டர் மரை, எட்டு எம்எம், ஒரு சுத்துக்கு ஒரு மில்லிமீட்டர் எறங்கும், அதாவது ஒரு இஞ்சுக்கு இருபத்தஞ்சு சுத்துக்கு மேல வரும், நான் மாட்டுனதுல இஞ்சுக்கு இருபத்திநாலு. தடிமன்ல வித்தியாசம் ஒரு முடி அளவு கூட இல்ல, அதனாலதான் மூணு சுத்து நம்ம ஏமாத்திட்டு நாலாவதுல கழுத்தறுக்குது. இதுல வினோதம் என்னன்னா மரை மில்லிமீட்டரா இருந்தாலும் போல்ட்டோட தலை விட்வொர்த்ங்கிற பழைய இங்கிலீஷ் அளவு ஸ்பேனருக்குத்தான் செஞ்சிருப்பாங்க. இங்கிலீஷ் கார்ல ஏன் இப்படின்னா, அந்த எஞ்சின் செஞ்ச கவென்ட்ரி ஃபேக்டரி மொதல்ல ஹாட்ச்கிஸ்ங்கிற பிரெஞ்சு கம்பெனியோடது, முதல் உலகப்போர் சமயத்துல மெஷின் கன் செய்ய வந்தவங்க. 1923ல எம்ஜிக்கு தாய்க் கம்பெனியான மோரிஸ் அத வாங்குனப்ப பிரெஞ்சு மெஷினையும் சேத்து வாங்குனாங்க, மெஷின் வெட்டுன மரை மில்லிமீட்டர், ஆனா காரை ரிப்பேர் பண்ணப்போற மெக்கானிக் கையில இருக்குறது இங்கிலீஷ் ஸ்பேனர், அதனால தலைய மட்டும் அவனுக்கு ஏத்த மாதிரி வெச்சிட்டாங்க. ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு இருக்குற போல்ட்டுல ஒரு போர், ஒரு கம்பெனி கைமாறுனது, ரெண்டு நாட்டு அளவு எல்லாமே இருக்கு. அத தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுனா கார் ஓடும், இல்லன்னு சொல்லல, ஆனா இந்தக் கதை அந்த எஞ்சின்ல இருந்து போயிடும்.

மரைங்கிறதே ஒரு பெரிய உலகம் சார். ஜோசப் விட்வொர்த் 1841ல அம்பத்தஞ்சு டிகிரி கோணத்துல ஒரு அளவு முறைய கொண்டு வந்தாரு, அமெரிக்காவுல வில்லியம் செல்லர்ஸ் 1864ல அறுபது டிகிரின்னு வேறொண்ணு கொண்டு வந்தாரு. ரெண்டாம் உலகப்போர்ல ஒருத்தரோட உதிரிபாகம் இன்னொருத்தர் மெஷினுக்கு சேராம பட்ட பாட்டுக்கு அப்புறம் 1948லதான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் ஒண்ணா உக்காந்து ஒரே அளவுக்கு வந்தாங்க. அதுக்கப்புறம் வந்த பிரிட்டிஷ் கார்ல பாத்தீங்கன்னா போல்ட் தலை மேல வட்டமா ஒரு குழியோ, இல்ல பக்கவாட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன சின்ன வட்டங்களோ இருக்கும், இது புது அளவு, பழைய நட்ட இதுல மாட்டாதேன்னு சொல்றதுக்கு. அந்த அடையாளம் இல்லாம வந்தா ஆபத்துதான், ஏன்னா அரை இஞ்ச தவிர வழக்கமா வர்ற மத்த அளவெல்லாம் விட்வொர்த்துக்கும் யுஎன்சிக்கும் (புது அளவுல சாதாரண மரை) இஞ்சுக்கு ஒரே எண்ணிக்கைதான். நட் பாட்டுக்கு ஏறும், கோணம் மட்டும் சேராது, பிடிப்பு முழுசா இருக்காது.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் என்னை ரொம்ப பாதிச்சது. ஃபோர்டு மாடல் டி எல்லாருக்கும் தெரியும். கனடாக்காரர் ராபர்ட்சன் 1908ல சதுரக் குழி வெச்ச ஸ்க்ரூ கண்டுபிடிச்சாரு, திருப்புளி வழுக்கவே வழுக்காது, கனடாவுல தயாரான மாடல் டி பாடியில அந்த ஸ்க்ரூவத்தான் போட்டாங்க. இப்ப ஒருத்தர் கையில அப்படி ஒரு வண்டி கிடைக்குதுன்னு வெச்சுக்கோங்க. அவரு அமெரிக்கா கேட்டலாக்க பாத்து, மாடல் டிக்கு கோடு போட்ட ஸ்க்ரூதான் சரின்னு முடிவு பண்ணி, சதுரக் குழி ஸ்க்ரூவ எல்லாம் எவனோ பின்னாடி போட்டதுன்னு கழட்டிப் போட்டுட்டா என்னாகும்? வண்டி எங்க பொறந்துச்சுங்கிற சாட்சி அங்கயே போச்சு. அவரு நல்ல எண்ணத்துலதான் பண்ணாரு, ஒரிஜினலா இருக்கணும்னுதான் பண்ணாரு, ஆனா பொய்யாக்கிட்டாரு. அதே மாதிரி ஸ்டார் ஸ்க்ரூ, தலையில கூட்டல் குறி மாதிரி குழி இருக்குற ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ. அது 1936ல காடிலாக்லதான் மொதல்ல வந்துச்சு, அதனால 1920கள்ல வந்த ஒரு காரோட டேஷ்போர்டுல ஸ்டார் ஸ்க்ரூ இருந்தா எப்பவோ ஒரு கை உள்ள போயிருக்குன்னு அர்த்தம். எங்களுக்கு ஸ்க்ரூ தலைய பாத்தாலே வண்டியோட பாதி சரித்திரம் தெரியும்னு சொல்றது இதனாலதான், பெருமைக்கு சொல்றதில்ல.

அதுக்காக எங்க ஆளுங்க பண்றதெல்லாம் சரின்னும் நான் வாதாட மாட்டேன். கான்கோர்ஸ்ங்கிற பழைய கார் அழகுப் போட்டிக்குன்னு சிலபேரு பண்றது எனக்கு சுத்தமா பிடிக்காது. பழைய கம்பெனி முத்திரை போட்ட நகல் போல்ட் இப்ப விக்கிறாங்க, அத வாங்கி ஆசிட்ல ஊறவெச்சு துரு ஏத்தி ஒரிஜினல்னு காட்டுறது ஏமாத்து வேலை. அமெரிக்க கார்கள்ல ரேடியேட்டர் ஹோஸ் க்ளாம்ப்ல தேதி குத்தியிருக்கும், அந்தத் தேதி வண்டி தயாரான தேதிக்கு ஒத்துப்போகணும்னு நடுவர் பாப்பாரு, சரி, உடனே தேதி குத்துன நகல் க்ளாம்ப் மார்க்கெட்டுக்கு வந்துருது. இதுக்கு பேரு ரீஸ்டோர் இல்ல. என்னைக் கேட்டா, தலை கொஞ்சம் தேஞ்சு, முலாம் போய் சாம்பலா இருக்குற அந்த வண்டியோட சொந்த போல்ட், பளபளன்னு இருக்குற சரியான நகல விட பத்து மடங்கு மேல. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பு எஃப்ஐவிஏ 2012ல ஏத்துக்கிட்ட டூரின் சாசனமும் கிட்டத்தட்ட இதத்தான் சொல்லுது, பழைய பொருள முடிஞ்ச வரைக்கும் காப்பாத்து, மாத்துனா எத மாத்துனோம்னு பின்னாடி வர்றவங்களுக்கு தெரியுற மாதிரி மாத்து.

ஆனா உயிர் சம்பந்தப்பட்ட இடத்துல இந்தப் பிடிவாதம் கூடவே கூடாது, இத கண்டிப்பா போடுங்க சார். ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், கனெக்டிங் ராடு, இங்கெல்லாம் பழைய போல்ட் எவ்வளவு அழகா இருந்தாலும் பெட்டியில எடுத்து வெச்சிட்டு, அதே மரையில அதே கிரேடுல புதுசு போடணும். நட் கழராம இருக்க குத்துற காட்டர் பின்ன ஒரு தடவ வளைச்சா தூக்கிப் போட்டுறணும், திரும்ப நிமித்தி போடவே கூடாது. ரொம்பப் பேருக்கு தெரியாத இன்னொரு விஷயம் முலாம். பழைய போல்ட்டுல இருந்தது பெரும்பாலும் கேட்மியம், மங்கலான வெள்ளி நிறம், அது விஷம்ங்கிறதால இப்ப துத்தநாகம்தான் போடுறாங்க. ஆசிட்ல கழுவி கரன்ட் வெச்சு முலாம் ஏத்துறப்ப ஹைட்ரஜன் இரும்புக்குள்ள போயிரும், நல்ல வலுவான ஹைடென்சில் போல்ட்டா இருந்தா அதுவே எமன். மாட்டுனப்ப ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு சும்மா நிக்கிற வண்டியில டப்புனு தலை தெறிக்கும். முலாம் போட்ட கொஞ்ச நேரத்துக்குள்ளயே இருநூறு டிகிரி பக்கத்துல மணிக்கணக்கா சூடாக்கி அந்த ஹைட்ரஜன வெளியேத்தணும், இத செய்யாத எடத்துல அழகுக்காக முலாம் போட குடுக்காதீங்க.

வீட்டு ஷெட்ல பழைய வண்டி வெச்சிருக்குற வாசகர்கள் யாராவது இத படிச்சா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மெக்கானிக் பிரிக்கிறப்ப எல்லா போல்ட்டையும் ஒரே டின்ல கொட்ட விடாதீங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கவர், மேல எந்த இடம், எத்தன, எது நீளம் எது குட்டைன்னு எழுதி வைங்க, கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுங்க, வாஷர் எந்தப் பக்கம் இருந்துச்சுங்கிறது உட்பட. ஏற்கனவே அப்படி கொட்டுன டின் ஏதாவது மூலையில கெடந்தா, கலந்து கெடக்குதேன்னு எடைக்குப் போட்டுறாதீங்க. மண்ணெண்ணெயில ஒரு ராத்திரி ஊறவெச்சு, துணியால துடைச்சு, தலையில என்ன எழுத்து இருக்குன்னு லென்ஸ் வெச்சு பாருங்க. உங்களுக்கு தேவையில்லன்னாலும் அதுக்காக எங்கேயோ ஒரு வண்டி பாதியில நிக்கும். கட்டுரையில வந்த அந்த மனுஷன் தேடுற போல்ட்டும் அப்படி ஒரு டின்லதான் இருக்கணும், அவரு எந்த அளவு தேடுறாருன்னு அடுத்த வாரம் ஒரு வரி போட்டீங்கன்னா எங்கிட்ட இருக்குற ரெண்டு டின்னையும் கொட்டி நானே பாத்து சொல்றேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்