மரம் அறுக்கும் பிளேடில் அலுமினியம் அறுக்கச் சொல்லாதீர்கள்

பட்டறை நடத்துவோருக்கும் அங்கே மேற்பார்வை செய்வோருக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஓர் இளைஞன் என்னிடம் ஒரு பிளேடைக் கொண்டுவந்து காட்டினான். 10 அங்குல வட்ட ரம்பத்தில் மாட்டுவது, 40 பல், மரத்துக்கு அருமையானது. அதன் பற்களின் முனையில் அலுமினியம் பூசினாற்போல அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. மூன்று பற்களில் கார்பைடு முனையே, அதாவது பல்லின் நுனியில் ஒட்டவைத்த கடினமான வெட்டுத் துண்டே, இல்லை. “உனக்குச் சரியாகப் பிடித்து அறுக்கத் தெரியவில்லை என்று திட்டு விழுகிறது” என்றான். உடைந்த அந்த மூன்று துண்டுகளும் எங்கே போயின என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. 250 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது பல்லின் முனை நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் கழன்ற துண்டு அவன் முகத்தைத் தவிர்த்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அவன் போன பிறகும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எந்தப் பிளேடு எந்திரத்தில் ஏற வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். ரம்பத்தின் முன்னால் நிற்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. கொடுத்ததை வைத்து அறுக்கிறான், கெட்டுப்போனால் பழி சுமக்கிறான். ஆகவே இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரப் பிளேடின் பல்லை நெருக்கத்தில் பாருங்கள். ஒன்று இடப்பக்கம் சரிந்து கூராக இருக்கும், அடுத்தது வலப்பக்கம் சரிந்து கூராக இருக்கும். மரத்தின் நாரைக் கத்திபோல அரிவதற்கு அந்தக் கூர்முனை வேண்டும். அதே கூர்முனை உலோகத்தில் மோதினால் முதலில் நொறுங்குவதும் அதுதான். அதோடு பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். மரத்தை நீளவாக்கில் கிழிக்கும் பிளேடில் இந்தச் சாய்வு 20 பாகை வரைக்கும் போகும். முன்னோக்கிச் சாய்ந்த பல் பொருளைத் தன் பக்கம் இழுக்கும். மரம் அந்த இழுப்பைத் தாங்கும். மெல்லிய அலுமினியச் செக்ஷனை அந்தப் பல் கவ்விப் பிடித்துத் தூக்கிவிடும்.

அலுமினியத்துக்கென்று செய்த பிளேடில் பற்கள் இரண்டு வகையாக மாறி மாறி வரும். முதல் பல்லின் இரு மூலைகளும் மழுக்கப்பட்டிருக்கும். அது அடுத்த பல்லைவிடத் துளி உயரமாக நின்று நடுவில் ஒரு குறுகிய தடம் போட்டுக்கொண்டு போகும். பின்னால் வரும் தட்டையான பல் இரு ஓரங்களையும் வழித்துச் சுத்தமாக்கும். ஒரு பல் சுமக்க வேண்டிய வேலையை இரண்டு பற்கள் பகிர்ந்துகொள்வதால் முனை நீடித்து உழைக்கிறது. மேலிருந்து இறக்கி அறுக்கும் மைட்டர் ரம்பத்துக்கு விற்கும் அலுமினியப் பிளேடுகளில் பல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், பெரும்பாலும் 5 அல்லது 6 பாகை. அது இழுக்காது. நாம் கொடுக்கும் அழுத்தத்துக்குத்தான் வெட்டும். 10 அங்குலத்துக்கு 80 பல், 12 அங்குலத்துக்கு 96 அல்லது 100 பல் என்பது வழக்கமான கணக்கு.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையில் அலுமினியச் சேனல் ஒன்றைக் கையால் பிடித்தபடி ரம்பத்தை இறக்கினேன். பொருளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மாட்ட நேரமில்லை என்று சொல்லியிருந்தார்கள். பிளேடு சேனலின் ஓரத்தைக் கவ்வியது. சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, இரும்புக் கதவில் சம்மட்டி விழுந்ததுபோல. சேனல் முறுக்கிக்கொண்டு என் இடது கட்டைவிரலை, பொருளைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்போடு சேர்த்து நசுக்கியது. விரல் பிழைத்தது. இன்றும் குளிர்காலத்தில் அதை முழுதாக மடக்க முடியாது. அன்று யாரும் பிளேடைப் பார்க்கவில்லை. கவனமாக இருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள்.

எனவே பிளேடை மாற்றுவதோடு கிளாம்பையும் கட்டாயமாக்குங்கள். எல் வடிவக் கோணத் துண்டைக் கூரைபோலக் கவிழ்த்து வைத்து இறுக்கினால் இரு சுவர்களும் சீராக வெட்டுப்படும். வெட்டி முடித்ததும் பிளேடு முழுதாக நின்ற பிறகே மேலே தூக்கப் பழக்குங்கள். சுற்றும்போதே தூக்கினால் வெட்டுண்ட சிறு துண்டைப் பல் அள்ளி எறியும். பிளேடில் மெழுகுக் கட்டியைத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் பல்லில் ஒட்டுவது பெருமளவு குறையும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தொளதொளத்த கையுறை கூடவே கூடாது, பிளேடு அதைப் பிடித்தால் கையோடுதான் இழுக்கும்.

பிளாஸ்டிக் வேறு கதை. அலுமினியத்தில் பிறக்கும் சூடு பொருள் முழுக்கப் பரவிவிடுகிறது. அக்ரிலிக் அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும். உரசலில் பிறந்த சூடு வெட்டின் வாயிலேயே தங்கிவிடும். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்குகிறது, பிவிசி 80 அளவிலேயே இளகுகிறது. பிளேடு கடந்து போன பிறகு வெட்டிய வாய் திரும்ப ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

இங்கேதான் மேற்பார்வையாளர்கள் அடிக்கடி தவறான யோசனை சொல்கிறார்கள்: “மெதுவாகத் தள்ளு.” கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 பல், 4000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 3,20,000 முறை பல் படுகிறது. ஒரு மீட்டர் ஷீட்டை ஒரு நிமிடம் எடுத்துத் தள்ளினால் ஒரு பல்லுக்கு 0.003 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அவ்வளவு மெல்லியதைப் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டினால் பிசின். நிமிடத்துக்கு மூன்று மீட்டர் வேகத்தில் சீராகத் தள்ளினால் சீவல் பொடியாக உதிரும். கனமான ஷீட்டுக்குப் பல் குறைந்த பிளேடு நல்லது. சீவல் தங்கி வெளியேறப் பல்லிடையில் பள்ளம் வேண்டும். மெல்லிய ஷீட்டுக்குப் பல் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். பாதுகாப்புத் தாளை உரிக்காமல் அறுக்கச் சொல்லுங்கள். குளிர்விக்கக் காற்று போதும்.

அறுத்த அக்ரிலிக் ஓரத்தை ஸ்பிரிட்டிலோ தின்னரிலோ துடைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். அறுத்த சூட்டில் ஓரத்தில் இறுக்கம் தேங்கியிருக்கும். அதன்மேல் ஸ்பிரிட் பட்டதும் மயிரிழை விரிசல்கள் ஓடுவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், கையில் பிடித்திருக்கும்போதே. பொருள் மட்டம் என்று ஷீட் விற்றவரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. ரம்பத்தில் மாட்டிய, மரத்தூள் நிறைந்த பையிலேயே அலுமினியச் சீவலும் போய் விழுகிறது. சுடச்சுட விழும் சீவல் மரத்தூளைக் கனலச் செய்யலாம். அலுமினியத்தின் நுண்தூளும் எரியக்கூடியது. பையைத் தனியாக வையுங்கள், இரண்டு வேலைக்கும் நடுவே எந்திரத்தைப் பெருக்கவும் சொல்லுங்கள்.

தனிப் பிளேடு செலவு என்பீர்கள். செலவுதான். மரப் பிளேடில் அறுத்த பிறகு பிசிறை அரம் போட்டு எடுக்க ஓர் ஆள் எத்தனை மணி நேரம் உட்காருகிறான் என்று ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அலுமினியப் பிளேடில் வெட்டிய முகம் பளபளவென்று வரும், பிசிறு விரலில் தட்டினால் உதிரும்.

நாளைக் காலை வேலை தொடங்கும் முன் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு உங்கள் ரம்பத்தின் பிளேடைக் கழற்றச் சொல்லுங்கள். நீங்களே கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, முனையில் என்ன அப்பியிருக்கிறது, எத்தனை கார்பைடு முனைகள் மிச்சம் என்று எண்ணுங்கள். பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று வேகம் உங்கள் எந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணும்போது ரம்பத்தில் நிற்கும் பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பிளேடில் என்னென்ன அறுத்தான் என்று அவனைக் கேளுங்கள், திட்டாமல்.

இப்படிக்கு,
இடது கட்டைவிரலை முழுதாக மடக்க முடியாத ஒரு ரம்பத் தொழிலாளி