சுவரில் இரண்டு தட்டல்

அன்புள்ள அக்கா,

வரும் ஆகஸ்ட் 26 அன்று நம் நாடகத்தின் ஒன்பதாம் இரவுக்கு எட்டு ஆண்டு நிறைகிறது. நாடகம் எப்படி உருவானது, குழு எப்படிக் கலைந்தது, கூடத்துக்கான வாடகைப் பாக்கியை யார் அடைத்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, அவற்றை விட்டுவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு கல்லூரியின் நாடகத் துறையிலிருந்து என்னிடம் பேசினார்கள். ஒன்பது இரவுகளின் பதிவுகள் இருக்கின்றனவா, மாணவர்களுக்குத் திரையிட முடியுமா, முடிந்தால் மீண்டும் மேடையேற்ற அனுமதி கிடைக்குமா என்று கேட்டார்கள். பதிவுகள் இருக்கின்றன. கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை, இயக்குநர் ஊரைவிட்டுப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பழைய வேட்டித் துண்டு ஒன்றில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு எடுத்துப் பார்க்கவே இல்லை என்று எழுதத்தான் ஆசை. நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

இதை எல்லோரும் படிக்கும் இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் பழைய எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. செய்யாற்று முகவரிக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. இவை மட்டும்தான் காரணம் என்றால் மூன்றாவது கடிதம் எழுதியிருப்பேன். அந்த நாற்பத்தேழு விநாடிக் காட்சி ஊரெல்லாம் சுற்றியபோது, "ஆபரேட்டருக்கு ஒன்றும் கேட்கவில்லையாம்" என்ற என் பொய்யும் கூடவே சுற்றியது. ஊரறியச் சொன்ன பொய்யை உறைக்குள் போட்டு ஒட்டித் திரும்ப வாங்கிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் இப்படி எழுதுவதே உங்களை மறுபடியும் வெளிச்சத்துக்கு இழுப்பதுதானே என்ற எண்ணம் ஒவ்வொரு வரியிலும் குறுக்கே நிற்கிறது. அதனால், அன்று பிற்பகல் ஒப்பனை அறையில் உங்களுக்கு வந்த தொலைபேசியைப் பற்றி இங்கே எதுவும் எழுதமாட்டேன். படிப்பவர்கள் ஊகிக்க விரும்பினால் அது அவர்கள் பாடு. என்னிடமிருந்து அவர்களுக்கு ஒரு சொல்லும் கிடைக்காது.

அந்த 2017ஆம் ஆண்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. ஜூன் 25 அன்று தொலைக்காட்சியில் பிக் பாஸ் முதல் முறையாகத் தமிழில் தொடங்கியிருந்தது. நெதர்லாந்தில் 1999 செப்டம்பரில் பிறந்த விளையாட்டு நம் ஊருக்கு வந்து சேர பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் ஒத்திகையின் தேநீர் இடைவேளைகளில், நேற்று அந்த வீட்டில் யார் அழுதார்கள் என்பதுதான் பேச்சு. இயக்குநர் அதே காலத்து நியூயார்க் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: 1999 டிசம்பரில் ஜோஷ் ஹாரிஸ் என்பவர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒரு கட்டடத்தில் சேர்த்து, ஆளுக்கொரு பெட்டி போன்ற படுக்கையும், அதில் ஒரு கேமராவும், மற்றவர்களைப் பார்க்க ஒரு தொலைக்காட்சியும் கொடுத்தார், சாப்பிடுவது, தூங்குவது, குளிப்பது எல்லாம் பதிவானது, 2000 ஜனவரி முதல் நாளன்று காவல் துறை வந்து மூடியது. "எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள், யாருக்கும் யாரும் துணை இல்லை" என்று அவர் சொன்னதும் நாங்கள் எல்லாம் தலையாட்டுவோம். தலையாட்டாதவர் நீங்கள் ஒருவர்தான். முந்தைய ஆண்டு நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது அங்கே ஒரு கேமராகூட இல்லை என்பதை நினைவூட்டி, "ராத்திரி பத்து மணிக்கு லேடீஸ் பெட்டியில தனியா வர்றவளுக்குக் கேமரா வேணும் சார்" என்றீர்கள். அந்தக் கொலைக்குப் பின் பக்கத்துக் கட்டடங்களின் கேமராப் பதிவைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்க ஓட்டியதையும் நீங்களே சொன்னீர்கள். இயக்குநர் பதில் சொல்லாமல் சிகரெட் பற்றவைத்துக்கொண்டார். நாடகத்தில் இருந்த உருப்படியான வசனங்கள் பெரும்பாலும் அந்த வாக்குவாதத்திலிருந்து வந்தவைதான். துண்டறிக்கையில் 'பிரதி' என்ற இடத்தில் உங்கள் பெயர் இல்லை.

இனி அந்த இரவு.

பத்தடிக்குப் பத்தடி பிளைவுட் அறை. உள்ளே நீங்கள் மட்டும். வெளியே இருந்த எண்பத்தாறு பேருக்கும் உங்களை நேரடியாகப் பார்க்க வழியில்லை. சுவர்மேல் கட்டிய வெள்ளைத் துணியில் விழும் படம்தான் அவர்களுக்கு நீங்கள். மூலைகளில் மூன்று சிசிடிவி. நான்காவது, உள்ளங்கை அளவு துளை வழியாக நான் வைத்திருந்த கைக்கேமரா. எந்தக் கேமரா வேண்டும் என்று மணி அடிக்கும்போதெல்லாம் பார்வையாளர்கள் கைப்பேசி டார்ச்சை உயர்த்திக் காட்ட வேண்டும். அதிக வெளிச்சம் எதற்கோ அதற்கு மாற்றுவார்கள். எட்டு இரவுகளும் கடைசியில் வென்றது நான்காவதுதான், ஏனென்றால் அதில்தான் முகம் மிக அருகில் தெரியும். சிசிடிவிகளின் படம் டிவிஆரைத் தாண்டித் துணிக்கு வருவதற்குள் ஏறக்குறைய அரை விநாடி பிந்தியது. உங்கள் குரல் பலகையைத் துளைத்துக்கொண்டு முதலில் வரும், உதடு பின்னால் அசையும். சரிசெய்கிறேன் என்றதற்கு இயக்குநர் அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அது ஒன்றில் அவர் செய்தது சரி.

விளக்கு அணையும் காட்சியில் அறை முழு இருட்டாகும். மூலைகளில் அகச்சிவப்பு விளக்குகள் அடுப்புக் கங்குபோல மங்கிச் சிவக்கும். துணியில் நிறமெல்லாம் போய்ப் படம் கறுப்பு வெள்ளையாகும். உங்கள் கண்மணி இரண்டும் பூனைக்கண் மாதிரி வெளிறி மின்னும். நாற்பது விநாடி. உங்கள் பின்னால் இருந்த சிறு இரவு விளக்கு எரிந்ததும் என் கேமரா நெருங்கும். நீங்கள் சுவரில் இரண்டு முறை தட்டினால் நான் லென்ஸ் மூடியைப் போட்டுவிட வேண்டும். படம் இருண்டதும் கடைசிக் காட்சி தொடங்கும். மூடியை நூலில் கட்டி என் இடது மணிக்கட்டில் தொங்கவிட்டிருந்தேன். தவறி விழுந்தால் சத்தம் கேட்கும் என்று நீங்கள்தான் அந்த நூலைக் கட்டிவிட்டீர்கள்.

ஒன்பதாம் இரவு விளக்கு எரிந்தபோது நீங்கள் நாடகத்தில் இல்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நடித்து அழும்போது உங்கள் வலது புருவம் சற்று உயரும்; அன்று முகம் அசையவே இல்லை, மூக்கிலிருந்து நீர் வழிந்து மேலுதட்டில் நின்றது, அதைத் துடைக்கவேண்டும் என்ற நினைப்புகூட உங்களுக்கு இல்லை. நீங்கள் தட்டினீர்கள். இரண்டு முறை, மெதுவாக, விரல் முட்டியால். என் காதுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு முழம்கூட இருக்காது.

கேட்டது அக்கா.

மூடி என் கையில் இருந்தது. பலகை இடுக்கு வழியே பார்த்தால், கூடம் முழுக்க டார்ச்சுகள். அதற்கு முன் எந்த இரவிலும் அத்தனை பேர் ஒரே நேரத்தில் கையை உயர்த்தியதில்லை. இருமல் இல்லை, நாற்காலி நகரும் ஓசை இல்லை. பத்தாண்டு மேடைக்குப் பின்னால் வேலை செய்தவனுக்கு அந்த அமைதி என்னவென்று தெரியும், அது எவ்வளவு அரிது என்றும் தெரியும். மூன்று நிமிடம் நாற்பது விநாடி நான் மூடியைப் போடவில்லை. இடையில் ஒருமுறை கேமராவை இன்னும் அரை அங்குலம் முன்னால் நகர்த்தினேன். பதிவில் அந்த நகர்வு தெரிகிறது, கை நடுங்கவில்லை.

பிறகு நாடகத்தில் ஒருபோதும் திறக்காத அந்தக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, வெறுங்காலோடு, பார்வையாளர் நடுவே நடந்து வெளியே போனீர்கள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் வழிவிட்டு ஒதுங்கியபடியே கைப்பேசியைத் தாழ்த்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்த நாற்பத்தேழு விநாடிக்கு யார் என்ன தலைப்பு வைத்துப் பரப்பினார்கள் என்பதை இங்கே மீண்டும் எழுதி அதற்கு இன்னொரு சுற்று உயிர் கொடுக்கமாட்டேன்.

அந்த இரவுக்கு இரண்டு நாள் முன்புதான், வியாழக்கிழமை, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். செய்தித்தாளில் அந்தச் செய்தியை வெட்டி ஒப்பனைக் கண்ணாடியில் ஒட்டியவன் நான். அதன் ஓரத்தில் நீங்கள் பொட்டு ஒட்டி வைத்திருந்தீர்கள்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒத்திகையில் ஒருமுறை நீங்கள் உண்மையாகவே அழுதபோது நான் பதறி மூடியைப் போட்டதற்கு என்னை எல்லோர் முன்னிலையிலும் திட்டினீர்கள். "நான் தட்டாம நீ யாருடா மூட?" என்று கேட்டீர்கள். அன்று முதல் உங்கள் கண்ணீரைப் பார்த்துப் பதறக் கூடாது என்று பழகினேன். உங்களிடம் கற்ற தொழிலைத்தான் செய்தேன் என்று பல இரவுகள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமாதானம் "தட்டாம" என்ற சொல் வரைக்கும்தான் தாங்குகிறது. அன்று தட்டினீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று காட்சிகளுக்கும் சீட்டு விற்றிருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளக்குக்காரர் பரங்கிமலையிலிருந்து மூன்று நாளும் வந்து, கூடத்து வாசலில் காத்திருந்து, கூலி இல்லாமல் திரும்பினார். அவருக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் என் கேமராவை விற்றேன். ஊரே உங்களுக்காக இரங்கியது, அது நியாயம்தான். எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டு "இனி வரமாட்டேன்" என்று சொல்ல எட்டு ஆண்டில் உங்களுக்கு ஒரு நாள்கூட அமையவில்லையா? அன்றைக்கே வந்து என் கன்னத்தில் அறைந்திருந்தால் மறுநாளே உண்மையைச் சொல்லியிருப்பேன். நீங்கள் வராததால்தான் பொய் நிலைத்துவிட்டது. இப்படி எழுதுவது எவ்வளவு அற்பம் என்று தெரிகிறது, அழிக்காமல் விடுகிறேன்.

உங்கள் அப்பாவை நினைக்காமல் இதை எழுத முடியாது. இரண்டாம் காட்சி முடிந்து கடைசிப் பேருந்துக்கு நின்றபோது சொன்னீர்கள், பாரதக் கூத்தில் துகில் நடக்கும் இரவு அவர் துச்சாதனன் கட்டுவார் என்று. சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்தி, சூடம் ஏற்றி, திரௌபதி வேடத்தில் நிற்பவரைக் கும்பிட்டு, "தாயே, பொறுத்துக்கோ" என்று வேண்டிக்கொண்ட பிறகுதான் மறுபடி துச்சாதனன் ஆவார் என்றும், ஊர்ச் சனமும் கூடவே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் என்றும். எதிரில் நிற்பவர் பகலில் அவரோடு ஏர் ஓட்டும் பங்காளிதான். ஆனாலும் சூடம் ஏற்றாமல் தொடமாட்டார். அப்போது நான் அதை நல்ல தகவல் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். குறிப்பேடு அன்றிரவும் என் சட்டைப் பையில் இருந்தது.

நடக்காமல் போன கடைசிக் காட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூடி போட்டதும் நான்கு கேமராக்களும் பார்வையாளர் பக்கம் திரும்பி, துணியில் அவர்கள் முகம் விழவேண்டும். செக் நாட்டு மேடைக் கலைஞர் ஸ்வோபோதா 1965இல் பாஸ்டனில் இத்தாலிய இசையமைப்பாளர் நோனோவின் ஓர் இசை நாடகத்துக்குச் செய்ததிலிருந்து இயக்குநர் எடுத்துக்கொண்டது அது. அங்கே கூடத்தில் இருந்தவர்களையே நேரலையாகத் திரையில் காட்டி, படத்தை நெகட்டிவாக மாற்றியதும், வெள்ளையர் நிறைந்த கூட்டம் தன்னையே கறுப்பு முகங்களாகப் பார்த்தது. நம் நாடகத்தில் எட்டு இரவுகளும் தங்கள் முகத்தைக் கண்டதும் மக்கள் நெளிந்தார்கள், சிலர் முந்தானையால் மறைத்தார்கள், டார்ச்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்பதாம் இரவில் நான் மூடியைப் போடாததால் அந்தக் காட்சி வரவே இல்லை. அன்று டார்ச் உயர்த்திய எண்பத்தாறு பேரில் ஒருவர் முகமும் எங்கும் பதிவாகவில்லை. துளைக்குப் பின்னால் நின்ற என் முகமும் இல்லை. எட்டு ஆண்டுகளாக இருப்பது உங்கள் முகம் மட்டும்.

கல்லூரிக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். ஹார்டு டிஸ்க்கை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதற்கான கட்டளையைக்கூடக் கணினியில் திறந்து வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அழிந்தால் எனக்கு எதிராக இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும் என்று. எனக்கு அது சற்று அதிகமாகவே வசதி. நேற்றுக் காலை உங்கள் தம்பி பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என்னிடம் நகல் இல்லை. நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை.

உடைப்பதோ எரிப்பதோ உங்கள் விருப்பம். எதுவாக இருந்தாலும் அதற்கு முன் பார்க்க நினைத்தால், சாதாரணக் கணினியில் நேராகத் திறக்காது, அதே வகை டிவிஆரில் பொருத்தவேண்டும். குறிப்பை உறைக்குள் வைத்திருக்கிறேன். என் கேமராவின் படமும் ஒலியும் நான்காம் தடத்தில் இருக்கின்றன. ஒரு மணி இரண்டு நிமிடத்துக்குப் போய், ஒலியை முழுவதும் கூட்டி வையுங்கள். முதலில் மின்விசிறிச் சத்தம் கேட்கும். அதன் அடியில், இரண்டு தட்டல்.

உங்கள் தம்பி,
நான்காவது கேமரா