உயரமானவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செகண்ட் ஹாண்ட் பைக் வாங்குவோருக்கான யோசனைகளைத் தங்கள் வாகனப் பகுதியில் படித்தேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், டயர் எல்லாம் விவரமாக இருந்தன. சீட் உயரத்துக்கு மட்டும் 'கால் தரையில் எட்டுகிறதா என்று பாருங்கள்' என்ற ஒரே வரிதான். என் உயரம் 6 அடி 3 அங்குலம். எனக்கு எந்த வண்டியிலும் கால் எட்டிவிடும். ஓட்டும்போது அந்தக் காலை மடக்கி வைக்கத்தான் இடம் கிடைப்பதில்லை.

வாலிபால் ஆடி, அதனாலேயே உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு வந்தவன் நான். பணிக்காலம் முழுவதும் 100 சி.சி. வண்டியில்தான் பள்ளிக்குப் போய்வந்தேன். வளைவில் திரும்பும்போதெல்லாம் ஹாண்டில்பார் முழங்காலில் இடிக்கும். ஓய்வு பெற்றதும் டபுள் சிலிண்டர் வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கல்லூரி நாட்களில் டபுள் சிலிண்டர் பைக்கான ராஜ்தூத் 350 போகிற சத்தம் கேட்டால் விடுதியே வெளியே வந்து நிற்கும். யெஸ்டி பைக்கையும் டபுள் சிலிண்டர் என்று சொல்வார்கள். அதற்குச் சைலன்சர்தான் இரண்டு, சிலிண்டர் ஒன்றுதான்.

இன்று ராஜ்தூத்துக்கு உதிரி பாகம் தேடி என்னால் அலைய முடியாது. அதனால் 2018இல் வந்த, ராயல் என்ஃபீல்டின் டபுள் சிலிண்டர் வண்டியான இன்டர்செப்டார் 650ஐத் தேர்ந்தெடுத்தேன். 648 சி.சி., ரேடியேட்டர் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்கின்றன. சென்னைப் பக்கத்திலேயே தயாராகும் வண்டி என்பதால் பார்ட்ஸுக்குக் கவலை இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்து 31தான். ஓய்வூதியக்காரனுக்குப் புது வண்டி கட்டுப்படியாகாது.

மூன்று வண்டிகள் பார்த்தேன். முதலில் அதே கம்பெனியின் கான்டினென்டல் ஜி.டி. 650 ஒன்று. இன்ஜின் அதேதான். ஆனால் ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி இருக்கிறது, ஹாண்டில் தாழ்வு. பத்தே நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டாவது, ஒரு பழைய வண்டிக் கடையில் நின்ற இன்டர்செப்டார். நான் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது. தெருவுக்குள் ஒரு சுற்று மட்டும் ஓட்டலாம் என்றார்கள். "உங்க உயரத்துக்கு எந்த வண்டியும் செட் ஆகும் சார்" என்றார் விற்பனையாளர். மரியாதையாகத்தான் சொன்னார். என் முழங்கால் எங்கே நிற்கிறது என்று அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. வந்துவிட்டேன்.

மூன்றாவது வண்டி தஞ்சாவூரில், ஒரே ஓனர் வைத்திருந்தது. நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே கேட்டுக்கொண்டேன். காற்றால் குளிரும் இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் பார்த்தே ஆக வேண்டும்; சூடேற்றி வைத்தால் காலை ஸ்டார்ட்டிங் சிரமமும் புகையும் மறைந்துபோகும். கூட வந்த மெக்கானிக் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு சைலன்சர் குழாய்களிலும், இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில், சில சொட்டு தண்ணீர் விட்டார். இரண்டிலும் ஒரே நேரத்தில் காய்ந்தது. ஒரு பக்கம் மெதுவாகக் காய்ந்தால் அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். பிறகு வண்டி ஆறியதும் ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி நிறத்தை ஒப்பிட்டார். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஃபின் என்ற உலோகத் தகடுகளையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே சேறும் ஆயிலும் அடைந்திருந்தால் சூடு வெளியேறாது. இடப்பக்கம் ஒரு ஃபின் நுனி உடைந்திருந்தது. நிறுத்தி வைத்திருந்தபோது சாய்ந்தது என்று ஓனர் கேட்காமலே சொன்னார். கிளட்ச் லீவர் நுனியிலும் அதே பக்கம் தேய்மானம், ஹாண்டில் நேராக இருந்தது. நம்பினேன்.

அப்புறம் ஓனர் சாவியைக் கொடுத்து, "திருவையாறு வரை போய்வாருங்கள்" என்றார். நாற்பது நிமிடம் ஓட்டினேன். கடையில் ஒரு சுற்றில் தெரியாதது இதில் தெரிந்தது. சீட் உயரம் 804 மி.மீ.; எனக்குக் கவட்டிலிருந்து பாதம் வரை 91 செ.மீ. நிற்பதில் குறையே இல்லை. இருபதாவது நிமிடத்தில் முழங்கால் மடிப்பு வலிக்கத் தொடங்கியது. நிறுத்தி நிறுத்திக் கிளம்பும்போது ஃபுட்ரெஸ்ட் கெண்டைக்காலில் இடித்தது. கடைத்தெரு நெரிசலில் இன்ஜின் சூடும் காலில் ஏறியது. ஆனாலும் முதுகு நிமிர்ந்து இருந்தது, முழங்கால் டேங்கில் நன்றாகப் பொருந்தியது. சரி, இது திருத்தக்கூடிய குறை என்று தோன்றியதால் வாங்கினேன். ஆர்.சி.யில் இருந்த கடன் பதிவை (ஹெச்.பி.) நீக்கப் படிவம் 35, பெயர் மாற்றப் படிவம் 29, 30 எல்லாம் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன்.

திருச்சியில் ஒரு சீட் கடையில் நுரை சேர்த்து 2 அங்குலம் உயர்த்தினேன். மடிப்பு தளர்ந்தது, வலி நின்றது. ஹாண்டிலையும் சற்று ஏற்றினோம். அப்படி ஏற்றுபவர்கள் ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லை என்று உறுதி செய்த பிறகே ரோட்டில் இறங்க வேண்டும்.

என்னிடம் வாலிபாலும் கூடைப்பந்தும் ஆடிய பிள்ளைகள் பலர் 6 அடியைத் தாண்டியவர்கள். முதல் சம்பளத்தில் செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்கி, முதுகு வலியால் சில மாதங்களிலேயே நஷ்டத்துக்கு விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் கேட்கிறேன்: தங்கள் பகுதியில் வரும் ஒவ்வொரு பைக் விமர்சனத்திலும் சீட் உயரத்தோடு, சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை எத்தனை செ.மீ. என்பதையும் அளந்து அச்சிடுங்கள். பழைய வண்டி விற்கும் கடைக்காரர்களும் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சி.