அண்ணனுக்கு, மகாளய அமாவாசைக்கு முன்

அண்ணே,

நீங்கள் போனை எடுப்பதில்லை. மதினியிடம் சொல்லி அனுப்பினாலும் பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். அத்தையின் பெயரோ நிலம் இருக்கும் இடமோ இதில் வராது. நிலத்தில் அத்தைக்குப் பங்கு கேட்ட வழக்கில் நான் அவளுக்காகச் சாட்சி சொன்ன கதை உங்களுக்குத் தெரியாததா?

அப்பாவின் முதல் வருடத் திதி முடிந்ததிலிருந்து அந்தக் காலைதான் கண்ணுக்குள் நிற்கிறது. திருப்புவனத்தில் வைகைக் கரை. ஆற்றில் தண்ணீர் இல்லை, பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு உங்களுக்கு அருகில் உட்காரக் குனிந்தேன். எள் இருந்த வாழையிலைத் துண்டை நீங்கள் இழுத்து முழங்காலுக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டீர்கள். கொஞ்சம் எள் மணலில் சிந்தியது. "விபீஷணன் கைத் தண்ணீர் அவருக்கு வேண்டாம்" என்றீர்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து போய்க் கோயில் வாசலில் நின்றேன்.

அன்றைக்கு வாய் திறக்காதது அப்பாவுக்காக. உங்களுக்குப் பயந்து அல்ல.

பட்டிமன்றம் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் அப்பாவும், கும்பகர்ணனா விபீஷணனா என்று வந்தால், கும்பகர்ணன் கட்சிதான். செஞ்சோற்றுக் கடன் என்று பேச்சாளர் சொன்னதுமே அவருக்குக் கண் கலங்கும். கும்பகர்ணன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அழைத்துப் போக வந்த தம்பியிடம் கம்பனின் கும்பகர்ணன் என்ன சொல்கிறான்? நீ திரும்பிப் போ, நாங்கள் மாண்ட பிறகு எள்ளும் நீரும் விட நீ இருக்க வேண்டும் என்கிறான். கூட நின்று சாகப்போகிறவனே விலகிப் போனவனுக்குக் கொடுத்த உரிமை அது. வால்மீகியில் இராவணன் விழுந்தபின் விபீஷணனே தயங்குகிறான். பகை சாவோடு தீர்ந்தது, இவன் உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே என்று சொல்லி, ஈமக்கடனைச் செய்யச் சொல்பவன் இராமன். சீதையைத் தூக்கிப் போனவனுக்கே அது கிடைத்தது. நம் அப்பா அதைவிடப் பெரிய பாவம் செய்தவரா?

தம்பிகள் இருவரும் இராவணனிடம் ஒன்றைத்தான் சொன்னார்கள்: செய்தது தவறு, சீதையை விட்டுவிடு. சொன்ன பிறகு நின்ற இடம்தான் வேறு. நீங்களும் ஒரு நாள் இரவு அப்பாவிடம் சொன்னீர்கள். கதவுக்கு இந்தப்புறம் எனக்குக் கேட்டது. இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

சாட்சிக் கூண்டில் நின்ற என்னைப் பார்க்க முடியாமல் அப்பா தலை குனிந்தாரே, அதற்காக உங்களிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். சாட்சி சொன்னதற்காகக் கேட்க மாட்டேன். தாத்தா தன் உழைப்பில் வாங்கிய நிலம், உயில் எழுதாமல் போனார். 1956ஆம் ஆண்டுச் சட்டமே மகளுக்கும் சம பங்கு என்கிறது. புருஷனும் பிள்ளையும் இல்லாத அத்தைக்காக யார் வந்து பேசுவார்கள்? வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் உத்தரவு போட்டபோது, ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கனே கூடை தூக்கினான். ஆவணி மூலத்துக்கு, அந்தத் திருவிளையாடலை நடத்திக் காட்டும் மதுரைப் புட்டுத்தோப்புக்கு நம்மைக் கூட்டிப்போய்க் காட்டியவள் அந்த அத்தைதான். கூட்டத்தில் உங்களைத்தான் முதலில் தோளில் ஏற்றுவாள். அதையாவது நீங்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கடைசி மாதங்களில் அப்பாவைப் பார்த்துக்கொண்டது நீங்கள். மலமூத்திரம் அள்ளியதும் நீங்கள். அந்தப் புண்ணியத்தில் நான் பங்கு கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஆனால் பிள்ளையாக நான் செய்யவேண்டிய கடனைத் தீர்க்கவிடாமல் தடுக்க உங்களுக்கும் அதிகாரம் இல்லை.

வரும் மகாளய அமாவாசைக்குத் திருப்புவனம் வருகிறேன். அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். பக்கத்தில் இடம் விட்டால் உட்காருகிறேன். இல்லையென்றால் அதே கரையில் வேறோர் ஐயரிடம் உட்கார்ந்து, தாத்தா பெயரும் அப்பா பெயரும் சொல்லி நானே தண்ணீர் விடுவேன். அம்மாவை அழைத்து வருவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணலில் அவரால் நடக்க முடியாது, நான் கார் கொண்டுவருகிறேன்.

உங்கள் தம்பி