வீட்டுத்தோட்ட விதைகள் பங்குனிக்கு முன்னர் கைக்கு வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத்தோட்டத்துக்கு விதையும் நாற்றும் வழங்கும் நிகழ்வுகளின் படங்கள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. கொடுப்பவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை எங்கள் கைக்கு வந்து சேரும் காலம் பற்றி, வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் என் வளவுக்குள் மண் கொத்திப் பயிர் வைக்கும் ஒருத்தியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

வன்னியில் மாசிப் பனி விட்டுப் பங்குனி பிறந்தால் வானத்தை நம்பமுடியாது. காலையில் வெளித்துக் கிடக்கும். பின்னேரம் இடி முழங்கிக் கொட்டும். கொட்டினால் புதிதாகக் கட்டிய பாத்தி கரைந்து, ஊன்றிய விதை வேலியோரம் போய்க் கிடக்கும். கொட்டாவிட்டால் கிழமைக்கணக்கில் ஒரு துளி இல்லை. எங்கள் ஒழுங்கையில் பெய்கிற மழை பக்கத்து ஊரான வற்றாப்பளையில் தூறலாகக்கூட விழாது. பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிடும், அதோடு மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். இங்கே ஆடியில் விதைப்பவருக்குக் கிணறுதான் துணை. எங்களுக்குப் பெருமழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை.

அந்த மாரியும் முன்போல இல்லை. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் பட்டியோடு விறைத்துச் செத்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். மாரித் தோட்டத்தை வெள்ளம் கொண்டுபோன வீட்டுக்கு அடுத்த கறி பங்குனியில் ஊன்றும் விதையில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பருவத்தைப் பிழைக்கவிடக்கூடாது என்கிறேன்.

சென்ற வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு திட்டத்தின் கீழ் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் கிடைத்தன. சித்திரை பிறந்துவிட்டது. விருந்தினர் வந்து பேச்சுகள் முடிந்து நாற்றுத் தட்டு எங்கள் கையில் ஏறும்போது நடு மத்தியானம். ஓரத்து நாற்றுகள் கழுத்து மடிந்து கிடந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடுகால் நிழல் கட்டிக் காப்பாற்றியவர்களுக்கும் தக்காளி காய்க்கவில்லை. இரவிலும் வெக்கை தணியாத நாட்களில் தக்காளி பூக்கும், பிஞ்சு பிடியாமல் காம்போடு உதிர்த்துவிடும். அதே நாற்றை மழை ஓயும் தை மாதத்தில் தந்திருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் குழம்புக்குக் காய் இருந்திருக்கும்.

இது இன்று தொடங்கிய பழக்கமும் அல்ல. 2022இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். முடிவு வந்தது ஜூன் மாதத்தில். அப்போது தெற்கிலும் மேற்கிலும் தென்மேற்குப் பருவமழை. வன்னியில் அது சோளகம் வீசிக் கிணறு இறங்குகிற காலம். கொழும்பில் மழை பெய்கிறது என்பதற்காக எங்கள் மண் நனையாது.

பக்கத்து வளவு ஐயா ஒருவர் எனக்கு எப்போதும் சொல்வார்: "எல்லா விதையையும் ஒரே நாளில ஊண்டாத பிள்ளை. இந்த மழையை நம்பேலாது." அவர் சொன்னபடிதான் செய்கிறேன். வெண்டியும் பயற்றையும் முதல் மழை ஈரத்தில் ஒரு வரி, அடுத்த கிழமை இன்னொரு வரி. ஒன்று அள்ளுப்பட்டாலும் மற்றது நிற்கும். கத்தரி, மிளகாய் விதைகளைச் சிரட்டையில் கண்ணைத் துளைத்து, எருவும் மணலும் கலந்து போட்டு முளைக்கவைப்பேன். பெருமழை வந்தால் தாழ்வாரத்துக்குள் தூக்கிவைக்கலாம், நாற்று அழுகாது. வெயில் ஏறினால் வேம்பின் கீழ் நகர்த்தலாம். கன்று நட்டதும் வேலிக் கிளிசரிடியாவின் தழையை வெட்டி அடியில் பரப்பினால் காலையில் ஊற்றிய தண்ணீர் பின்னேரம் வரைக்கும் மண்ணில் நிற்கும். இதெல்லாம் செய்வதற்கு விதை கையில் இருக்கவேண்டும். நட்டே ஆகவேண்டிய நாற்றாக ஒரே நாளில் தந்தால் பிரித்துப் போட வழி இல்லை.

பூசணியைக் கவனித்தவர்களுக்கு இந்தக் காலத்தின் குழப்பம் விளங்கும். அதன் பூ விடியப்புறம் விரிந்து வெயில் ஏறமுன் சுருங்கிவிடும். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், ஆண் பூ நீண்ட காம்பில் தனியே நிற்கும். தேனீ வராத காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடவேண்டும். விடியவே மழை தூறித் தூள் நனைந்தால் அந்தப் பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும்.

தேனீ வரப் பூ வேண்டும். விதைப் பொதிகளில் பூவிதை ஒன்றும் இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை. பூ ஆடம்பரம் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலும். பாத்திக்குப் பக்கத்தில் நித்தியகல்யாணியோ செவ்வந்தியோ நின்றால் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வளவை விட்டுப் போகாது. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் மாரி ஈரத்தில் தடி வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். ஒரு சதம் செலவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எத்தனை பூ தேவைப்படுகிறது! 2009இல் போர் முடிந்த பிறகு பெண்களே தாங்கி நடத்துகிற குடும்பங்கள் இங்கே நிறைய. கனகாம்பரமும் மல்லிகையும் கட்டி விற்றால் பிள்ளையின் கொப்பிக்காவது காசு வரும். பணத்தை விட்டாலும், எல்லாம் இழந்து வந்து கொட்டில் போட்டபோது எங்களில் பலர் வாசலில் முதலில் நட்டது ஒரு செவ்வரத்தைத் தடிதான்.

(குரங்கும் மயிலும் செய்கிற அழிவு தனிக் கடிதத்துக்குரியது. இங்கே தொடவில்லை.)

நான் கேட்பது பெரிய செலவுள்ள விடயம் அல்ல. கோடைக்குத் தாங்கும் வெண்டி, பயற்றை, பாகல், கீரை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கத்தரி ஆகியவற்றின் விதைகள் மாசி முடியமுன் கமநல சேவை நிலையங்களுக்கு வந்துவிடவேண்டும். தக்காளி நாற்று தருவதானால் தையில் தரட்டும். ஒவ்வொரு பொதியிலும் ஒரு பிடி பூவிதையும் இருக்கட்டும். விழாவுக்கு நாள் பார்ப்பவர்கள் அதற்கு முன் அந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலை மாகாணத்துக்கு ஒரு வரியாகப் போடுகிறீர்கள். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் கிழமைக்கு ஒருமுறை முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் என்று பிரித்து ஒரு சிறு பெட்டி போடமுடியாதா? கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. அந்தக் கிழமையில் எதை ஊன்றலாம், எதைப் பொறுத்து வைக்கலாம் என்று நாலு வரி அங்கிருந்து எழுதித் தரச்சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
முள்ளியவளை.