ஸ்தோத்திரம் வாயில் வராத நாட்களில்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

"வேலை போனதிலிருந்து ஸ்தோத்திரம் சொல்லவே வாய் வரவில்லை; சொன்னாலும் பொய் சொல்வதுபோல இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். பொய் சொல்லும்படி வேதம் உன்னைக் கேட்கவில்லையம்மா.

1 தெசலோனிக்கேயர் 5:18-ஐ எடுத்துப் பார். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்." வேலை போனதற்காக நன்றி சொல் என்று அங்கே இல்லை. அந்த நிலைமைக்குள் இருந்துகொண்டே சொல் என்றுதான் இருக்கிறது. மூல கிரேக்கத்திலும் அப்படியே. எபேசியர் 5:20-ல் "எல்லாவற்றிற்காகவும்" என்று வருகிறதே என்று நீ மடக்குவாய், தெரியும். ஆனால் தீமையை நன்மையென்று சொல்லுகிறவர்களுக்கு ஐயோ என்கிறது ஏசாயா 5:20. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். உனக்கு நடந்தது அநியாயம் என்றால் அதை அநியாயம் என்றே கர்த்தரிடம் சொல்.

எப்படிச் சொல்வது என்பதற்கு சங்கீதம் 13 நல்ல அச்சு. மொத்தம் 6 வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை முறையிடுகிறான் தாவீது. அடுத்த இரண்டில் கேட்கிறான். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். நாம் பெரும்பாலும் முதல் நான்கு வசனத்தைத் தாண்டிக் குதித்து ஐந்தாவதில் ஆரம்பிக்கிறோம். அதனால்தான் சொல்வது போலியாகத் தோன்றுகிறது.

இரவில் பத்து நிமிடம் ஒதுக்கு. ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஃபோனை வேறு அறையில் வை. நான்கு நிமிடம் முறையீடு, இரண்டு நிமிடம் விண்ணப்பம், நான்கு நிமிடம் நன்றி. வரிசையை மாற்றாதே. ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"எதுவரைக்கும்: இன்டர்வியூ முடிந்து 9 நாள், பதிலே இல்லை. என்னை எதற்கும் ஆகாதவள் என்று நினைத்துவிட்டார்களோ என்று பயம்.
கேட்பது: பதில் வரட்டும். வராவிட்டால், நாளை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மெயிலைத் திறக்காத மனம்.
நன்றி: மதியம் மூன்று மணிக்கு, பழைய ஆபீஸ் தோழி நான் கேட்காமலே ரெஸ்யூமேயைத் திருத்தி அனுப்பினாள். இரண்டாம் பக்கத்தில் நான் விட்ட தேதியைக்கூடப் பிடித்திருந்தாள்."

அந்தத் தேதிதான் முக்கியம். "குடும்பத்துக்காக, சுகத்துக்காக, உணவுக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதினால் ஒரு வாரத்தில் கை தானாக எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். நேற்று எழுதிய வரியை ஓர் எழுத்து மாற்றாமல் இன்றும் எழுத முடிகிறதா? அப்படியானால் அடித்துவிட்டு, யார், என்ன, எப்போது என்று எழுது. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்று கிடைத்தாலும் போதும். அதில் ஒரு மனிதர் வந்தால் மறுநாள் அவருக்கே இரண்டு வரி அனுப்பிவிடு. இயேசு சுத்தமாக்கிய குஷ்டரோகிகள் பத்துப்பேரில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தானே.

வழுக்கும் இடங்கள் உண்டு. "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர், நமக்கு இதாவது இருக்கிறதே" என்பது கேட்க நன்றிபோல இருக்கும். லூக்கா 18:11-ல் தன்னை நீதிமான் என்று நம்பிய பரிசேயனும் அப்படித்தான், மற்றவர்களைப்போல் இராததனால் ஸ்தோத்திரிக்கிறேன் என்றான். அடுத்தவர் துன்பத்தை அளவுகோலாக வைத்த அந்த ஜெபம் அவனை நீதிமானாக்கவில்லை.

இன்னொன்று பேரம். ஸ்தோத்திரம் சொன்னால் வேலை கிடைக்கும் என்று நினைத்துச் சொன்னால், கிடைக்காத அன்று அதுவே கசப்பாகும். பிலிப்பியர் 4:6 ஸ்தோத்திரத்தோடே விண்ணப்பிக்கச் சொல்கிறது. அடுத்த வசனம் தரும் வாக்கு, தேவசமாதானம் உன் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்பதே. வேண்டியது கிடைக்கும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. எழுதிய பவுலும் அப்போது காவலில் கட்டுண்டுதான் இருந்தார்.

"ஸ்தோத்திரம் பண்ணும்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல வருகிறவர்களிடம் சண்டை போடாதே, ஆனால் அவர்களிடம் எல்லாவற்றையும் திறந்து கொட்டவும் வேண்டாம். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது வெடியுப்பின்மேல் காடியை (சோடா உப்பின்மேல் வினிகரை) வார்ப்பதுபோல என்கிறது நீதிமொழிகள் 25:20. எல்லாவற்றையும் இழந்த யோபின் சிநேகிதர்கூட ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்!

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காதே, டாக்டரைப் பார். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதே. அந்த நிமிடமே என்னைக் கூப்பிடு, அன்றே டாக்டரிடம் போ. விசுவாசக் குறைவு என்று எவரும் சொல்ல விடாதே. சூரைச்செடியின்கீழ்ப் போதும் கர்த்தாவே என்று சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

ஒரு நன்றியும் வராத இரவில் சங்கீதம் 88-ஐ வாசி. 18 வசனம், கடைசி வரை விடியாத சங்கீதம் அது. அதுவும் ஜெபமாகத்தான் வேதத்தில் இருக்கிறது. இன்று 13-ல் ஆரம்பி. நாலாவது "எதுவரைக்கும்" சொன்னதும் அழுகை வந்து மேலே போக முடியவில்லையென்றால், அங்கேயே ஆமென் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடு. ஐந்தாம் வசனம் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா