பிள்ளையின்ர வாயையும் ஒருக்கா பாருங்கோ: எங்கட ஏரியா பிள்ளைகள் கிளினிக் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டொக்டருக்கும் மிட்வைஃப் மிஸ்மாருக்கும் வணக்கம்.

கிளினிக் நாளில நீங்க படுற பாடு தெரியும், அவ்வளவு சனம், அவ்வளவு அழுகை. அதால மரியாதையாத்தான் எழுதுறன், இடையில சூடு ஏறினா குறை நினைக்காதேங்கோ.

மகளுக்கு ஒன்பது மாச எம்எம்ஆர் ஊசிக்கு வந்தனாங்கள். கீழ ரெண்டு பல்லு வந்து பல்லுக்கொழுக்கட்டையும் கொட்டியாச்சு, இப்ப மேல் முரசு வீங்கி கண்டதையெல்லாம் கடிக்கிறா. லைன்ல எங்களுக்கு முன்னால ஒரு தம்பி, ஒண்டரை வயசு இருக்கும், மகளைப் பார்த்து வாய் நிறையச் சிரிச்சான். மேல் முன்பல்லு நாலும் முரசோட சேருற இடத்தில மண்ணிறம், ஒண்டு ஓரத்தில உடைஞ்சும் போச்சு. கையில சூப்பிப் போத்தல். சீனி போடாட்டி குடிக்கமாட்டான் அக்கா, ராத்திரியும் இதோடதான் நித்திரை எண்டு தாய் சொல்லுது, பாவம் அதுக்கும் ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்ல. நீங்க அவனைத் தராசில வச்சீங்க, வளர்ச்சி பதியிற நீலப் புத்தகத்தில புள்ளி போட்டீங்க, பச்சையில போகுது நல்லம் எண்டீங்க, ஊசி, அடுத்த ஆள். அந்த உதட்டை ஒருக்கா விரலால தூக்கிப் பார்த்திருந்தா என்ன மிஸ்?

எங்கட முறை வரேக்க, எப்ப இருந்து பல்லுத் துலக்கிறது, பேஸ்ட் போடலாமோ எண்டு கேட்டன். "பால் பல்லுதானே அம்மா, விழுகிற பல்லு." அவ்வளவுதான் பதில். விழுகிற பல்லுதான், ஆனா கடவாய்ப் பால் பல்லு பத்து பன்னிரண்டு வயசு மட்டும் வாயில நிண்டு பின்னால வாறதுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்க வேணும், அதுவரைக்கும் பிள்ளை எதால சாப்பிடுறது?

பிறகு வெள்ளவத்தையில பாமசி பாமசியா ஏறி இறங்கினன். ஒருத்தர் ரெண்டு வயசு மட்டும் ஃபுளோரைட் (பல்லுச் சூத்தையாகாமல் பேஸ்டில சேர்க்கிறது) கூடவே கூடாது எண்டுறார், மற்றவர் ஸ்ட்ரோபெரி வாசத்தில ஃபுளோரைட் இல்லாத ஒண்டை யானை விலைக்கு நீட்டுறார், வீட்டில மாமி தேன் தடவட்டாம். அனுராதபுரம் பக்கம் கிணத்துத் தண்ணியில ஃபுளோரைட் கூடி பல்லில கறை பிடிக்கிறது உண்மை, அந்தப் பயம் நியாயம், ஆனா லபுகமவில இருந்தும் களனி ஆத்தில இருந்தும் வாற கொழும்புக் குழாய்த் தண்ணிக்கு அந்தக் கதை இல்ல. முதல் பல்லு வந்த உடன ஒரு அரிசி அளவு ஃபுளோரைட் பேஸ்ட் போடச் சொல்லி அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2014இலயே சொல்லிப்போட்டுது. இதை நான் நடுச்சாமத்தில போனில தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. கிளினிக் சுவரில ஒட்டியிருக்கிற நோட்டீஸில இருக்கோ தெரியாது, அது முழுக்கச் சிங்களம். தமிழும் அரசகரும மொழியாகி எத்தினை வருசம், பிள்ளைக்குப் பல்லு முளைக்கிற வேகத்திலயாவது நோட்டீஸ் முளைக்கக்கூடாதோ! தாமரைக் கோபுரத்துக்கு ராத்திரி கலர் கலரா லைட் அடிக்க ஆள் இருக்கு, பிள்ளையின்ர வாய்க்குள்ள டோர்ச் அடிக்கத்தான் இந்த ஊரில ஆள் இல்ல.

சரி, கோவத்தில எங்கயோ போயிட்டன், மன்னிக்கோணும்.

நான் கேக்கிறது புது மெஷினோ புது கட்டடமோ இல்ல. ஒன்பது மாச ஊசிக்கும் ஒண்டரை வயசு ஊசிக்கும் வாற பிள்ளையின்ர மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கோ. சூத்தை முரசோரம் வெள்ளைக் கோடாக இருக்கேக்க பிடிச்சா மறிக்கலாம், மண்ணிறமாகி உடைஞ்சாப் பிறகு வார்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேணும். பார்க்கேக்கயே தாய்க்கு ரெண்டு வசனம் சொல்லிவிடுங்கோ: ராத்திரி துலக்கினாப் பிறகு போத்தல் வேண்டாம், பாலுக்குச் சீனி வேண்டாம். அந்தத் தம்பியின்ர தாய்க்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கும்?

உதட்டைத் தூக்கிப் பாருங்கோ, தயவுசெய்து. அடுத்த கிளினிக்குக்கு முதல் ஒரு பதில் போட்டா நல்லம், தமிழில போட்டா இன்னும் நல்லம்.

இப்படிக்கு,
லைன்ல நிக்கிற ஒரு அம்மா